ருசி பார்த்தவர் கையெழுத்து

சாக்லேட்டை ஜனங்கள் ஏன் இவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிறார்கள் என்று பேச்சு வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் கம்பெனி கேண்டீன் சுவரில் இதற்கென்றே ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். சாக்லேட் என்றால் அன்பாம், கொண்டாட்டமாம், மூளையில் ஏதோ சுரக்குமாம். பக்கத்தில் ஒரு இதயம் வேறு. அன்பு வேண்டுமென்றால் வீட்டில் நாலு வார்த்தை நல்லதாகப் பேசிவிட்டுப் போகலாம், அதற்கு எதற்கு ஒரு ஃபேக்டரி?

நான் ஜஹீரா. வீடு பெருங்களத்தூரில். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சாக்லேட் ஃபேக்டரியின் லேபில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். வேலை என்னவென்றால் சாப்பிடுவது. சிரிக்க வேண்டாம், சம்பளத்துக்குச் சாப்பிட்டுப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். முன்னால் மூன்று கப் வைப்பார்கள். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடித்து ஷீட்டில் எழுத வேண்டும். பால் பவுடர் ஒரு வாரம் பழையது என்றாலும் என் நாக்கு பிடித்துவிடும்.

அந்த நாக்கை வைத்துச் சொல்கிறேன், காரணம் ஒன்றுதான். சாக்லேட்டில் இருக்கிற கோகோ வெண்ணெய் வெளியே கெட்டியாக நிற்கும். வாய்க்குள் போனதும் வாயின் சூட்டிலேயே கரைந்துவிடும். மெல்ல வேண்டாம், கடிக்க வேண்டாம், நாம் ஒரு முடிவுக்கு வருவதற்குள் அது தொண்டையில் இறங்கியிருக்கும். பஸ்ஸில் இடம் பிடிக்க, தண்ணீர் லாரி பிடிக்க, ஆபீசில் லீவு வாங்க என்று காலையிலிருந்து எல்லாவற்றோடும் மல்லுக்கட்டுகிற ஜனங்களுக்கு, மல்லுக்கட்டாமல் கிடைக்கிற ஒரே பண்டம் அது. அவ்வளவுதான் விஷயம், இதயமும் இல்லை ஒன்றும் இல்லை.

இந்த அரிச்சுவடி எனக்குத் தெரியும். எங்கள் குவாலிட்டி மேனேஜர் எட்மண்ட் சாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மே மாதம், அக்கினி வெயில். வியாழக்கிழமை மத்தியானம் கேண்டீனில் காந்திமதி என் எதிரே வந்து நின்றாள். சாக்லேட் உருக்குகிற டேங்க்கில் வேலை பார்ப்பவள். ஒன்பது வருடமாக கான்ட்ராக்ட். அந்த டேங்க்கின் சூட்டை மீட்டரைப் பார்க்காமல் கையை மேலே காட்டியே சொல்வாள். புருஷன் இல்லை, பெண் ஜீவிதா பத்தாவது முடித்திருந்தாள்.

"அக்கா, என்னை வூட்டுக்கு அனுப்பப் போறாங்க."

"எதுக்கு?"

"புது சாக்லேட் கடைங்கள்லேர்ந்து திரும்பி வந்துகினே கீதுல்ல? நான் டேங்க்ல சூடு மாத்தி வச்சுட்டேனாம். தப்பு என்னோடதுன்னு லெட்டர் டைப் அடிச்சு வச்சுக்கிறாரு சாம்பசிவன் சார். சனிக்கெழம வந்து கையெழுத்துப் போடணுமாம். நான் சூடு மாத்தலக்கா. என் புள்ள மேல சத்தியமா மாத்தல."

சாம்பசிவன் எங்கள் ஃபேக்டரிக்குத் தலைவர். கோடையில் பெட்டிக்கடை பாட்டிலுக்குள் சாக்லேட் உருகி வழிகிறது என்று டீலர்கள் புலம்பியதால், கோகோ வெண்ணெயில் பாதியை எடுத்துவிட்டு பாமாயிலிலிருந்து எடுத்த ஒரு கெட்டிக் கொழுப்பைப் போடச் சொன்னவர் அவர்தான். ஏப்ரலில் புதுச் சரக்கு கடைக்குப் போனது. மே முதல் வாரத்திலிருந்து, சாப்பிட நன்றாக இல்லை என்று பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது.

நான் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு லேபுக்குப் போனேன். திரும்பி வந்த பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தேன். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. அது பாட்டுக்குக் கிடந்தது. கடைசியில் மேல்வாயில் மெழுகு மாதிரி அப்பிக்கொண்டது, விரலை விட்டுத்தான் வழிக்க வேண்டியிருந்தது. இதற்கும் டேங்க் சூட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குற்றம் கொழுப்பில். பெட்டிக்கடை வெயிலுக்கே உருகாத சரக்கு வாய்ச் சூட்டுக்கா உருகும்? எந்த மடையன் இதைப் பாஸ் பண்ணினான் என்று ஃபைலை இழுத்துப் பிரித்தேன்.

புதுச் சரக்கின் ஷீட் மேலாகவே இருந்தது. 'பழையதற்கும் புதியதற்கும் ருசியில் வித்தியாசம் தெரியவில்லை.' கீழே இரண்டு கையெழுத்து. சரிபார்த்தவர், எட்மண்ட். ருசி பார்த்தவர், ஜஹீரா. மார்ச் ஒன்பது, காலை பதினொன்று பத்து.

மார்ச் ஒன்பது எனக்கு நோன்பு.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முன்பு ருசி பார்க்க ஐந்து பேர் இருந்தோம். மூன்று பேர் வேலையை விட்டுப் போனார்கள், அந்த இடத்தில் ஆள் போடவில்லை. மிஞ்சியது நானும் எட்மண்ட் சாரும்தான். ரமலானில் எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கப்புகளை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவேன். நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, வாய் கொப்பளித்துவிட்டு ருசி பார்ப்பேன். மறுநாள் காலை ஷீட் எழுதுவேன். பத்து வருடம் இப்படித்தான் நடந்தது.

இந்த வருடம் எட்மண்ட் சார் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "பதினொன்னரைக்குள்ள ஷீட் வேணுமாம், ஜஹீரா. சாம்பசிவன் சார் தலைமேல நிக்கிறாரு. சும்மா நாக்குல வச்சுட்டுத் துப்பிடேன்."

"குழம்புக்கு உப்புப் பாத்துத் துப்பலாம் சார். சாக்லேட்டை எப்படித் துப்புறது? வச்ச நிமிஷமே கரைஞ்சு உள்ள போயிடும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன், நாளைக்குக் காலைல சொல்றேன்."

இப்போது நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எந்தச் சாக்லேட்டையும் துப்ப முடியாதுதான். அந்தப் பாழாய்ப்போன சாக்லேட்டை மட்டும் தாராளமாகத் துப்பியிருக்கலாம்.

"நாளைக்கெல்லாம் முடியாது. நீ உடைச்சுப் பாரு, மோந்து பாரு, அது போதும். நான் டேஸ்ட் பண்ணிட்டேன். பழைய மாதிரியேதான் இருக்கு" என்றார் அவர்.

உடைத்தேன், டக்கென்று நல்ல சத்தம். மோந்தேன், நல்ல வாசனை. எசன்ஸ் போட்டால் செங்கல்லும் மணக்கும். விடிவதற்கு முன்பிருந்து தண்ணீர் இல்லாமல் தலை வலித்துக்கொண்டிருந்தது. பதினோரு வருடம் பார்த்த மனிதர், டேஸ்ட் பண்ணிவிட்டேன் என்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு தடவை பாஸான ரெசிப்பி மறுபடி ருசிக்கென்று என் மேஜைக்கு வராது.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு இரண்டு நாள் கழித்து சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் காந்திமதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, புதுச் சரக்கு நல்லால்லக்கா. கரண்டியில ஒட்டினத வாயில போட்டேன். மேல்வாயில ஒட்டிக்கினு எறங்கவே மாட்டேங்குது" என்றாள். பஸ் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தது, நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் எரிந்து விழுந்தேன். "லைன்ல நிக்கிறவங்க சரக்கை நக்கக் கூடாதுன்னு தெரியாதா? ருசி சொல்றது உன் வேலையா, என் வேலையா?"  அவள் ஊரப்பாக்கத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எட்மண்ட் சார் ரூமுக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"சார், இந்தச் சரக்கை நீங்க நெஜமாவே சாப்பிட்டீங்களா?"

ஷீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

"சாப்பிட்டீங்களா இல்லையா?"

"லெந்து நாள் அது, ஜஹீரா."

லெந்து என்றால் எனக்குத் தெரியும். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள். வருடா வருடம் அவர் மட்டனை விடுவார். இந்த வருடம் எங்கள் நோன்பும் அவர்கள் லெந்தும் ஏறக்குறைய ஒரே நாளில் ஆரம்பித்தன. ஒருவருக்கொருவர் வாழ்த்துக்கூடச் சொல்லிக்கொண்டோம்.

"லெந்துன்னா மட்டன்தானே விடுவீங்க?"

"என் வீட்டுக்காரி ஞானசௌந்தரிதான் சொன்னா. மட்டன் விக்கிற விலைக்கு ஊரே விடுது, உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதை விடுங்கன்னா. அதனால இந்த வருஷம் சாக்லேட்டை விட்டேன்."

சாக்லேட் ஃபேக்டரியின் குவாலிட்டி மேனேஜர் சாக்லேட்டை விட்டிருக்கிறார். பஸ் டிரைவர் நாற்பது நாள் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று நேர்ந்துகொண்ட மாதிரி.

"அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே சார்! நான் நோன்புன்னு சொல்லலையா?"

"உபவாசத்தை வெளிய காட்டிக்கக் கூடாதும்மா. எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கு. அதுவும் சாக்லேட்டை விட்டுட்டேன்னு இங்க சொன்னா சாம்பசிவன் சார் சிரிப்பாரு. நீ உடைச்சுப் பாத்த, மோந்து பாத்த, ஒண்ணும் சொல்லல. ஜஹீரா மூக்கே போதும்னு நெனச்சேன்."

 அவர் என் மூக்கை நம்பினாராம். நான் அவர் நாக்கை நம்பினேன். ஃபேக்டரியில் இருந்த இரண்டு நாக்கும் கடவுளுக்காகப் பட்டினி கிடக்க, பேனா மட்டும் ஓடியிருக்கிறது.

"சாக்லேட் சாப்பிடாம இருக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, பொய் சொல்லாம இருக்கத் தெரியலையா சார்? உங்க லெந்துல அதெல்லாம் விட வேண்டாமா?" நான் போட்ட சத்தத்தில் வெளியே கண்ணாடி ஜாடி கழுவிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "என்னைக் கேளு, கேக்க வேண்டியதுதான். ஆனா நீயும் கையெழுத்துப் போட்டிருக்கியே, ஜஹீரா. சாப்பிடாமத்தானே போட்ட?"

அறைந்த மாதிரி இருந்தது. கோபம் இரண்டு மடங்காகி, கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தேன். ஷீட் பொய் என்று சொன்னால்தான் காந்திமதி தப்புவாள். சொன்னால் சாப்பிடாமல் கையெழுத்துப் போட்டவள் என்று என் பெயர் நாறும். பதினோரு வருடத்தில் நான் பாஸ் பண்ணிய ஒவ்வொன்றும் சந்தேகத்துக்கு வரும். சொல்லாவிட்டால், நோன்பு பிடித்த ஒரு பகலில் பதினொன்று பத்துக்கு நான் சாக்லேட் சாப்பிட்டேன் என்று ஒரு காகிதம் காலத்துக்கும் அந்த ஃபைலில் கிடக்கும். என் கையெழுத்தோடு.

சனிக்கிழமை பத்து மணிக்கு சாம்பசிவன் ரூமில் நான், எட்மண்ட் சார், காந்திமதி. நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். காந்திமதியை யாரும் உட்காரச் சொல்லவில்லை. மேஜையில் அவளுக்கான லெட்டர் இருந்தது, அதன் மேலேயே ஒரு பேனாவும்.

"பாரும்மா, உன்மேல எனக்குத் தனியா ஒண்ணும் கோபம் இல்ல" என்றார் சாம்பசிவன். "ரெசிப்பியில தப்பில்லைன்னு ருசி பாத்தவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க. அப்ப தப்பு டேங்க்லதானே நடந்திருக்கணும்? கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு. வேற இடத்துல கேட்டா நல்ல வார்த்தையே சொல்றேன்."

காந்திமதி பேனாவைத் தொடவில்லை. என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது, சும்மா பார்த்தாள்.

நான் கைப்பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து மூன்று துண்டாக உடைத்தேன். மேஜையில் அந்த லெட்டர் மேலேயே வைத்தேன். "இதை வாயில போடுங்க சார்."

"எனக்கு சுகர், ஜஹீரா. நான் இந்த ஐட்டமெல்லாம் தொடறதே இல்ல, உனக்குத் தெரியாதா?"

"நீங்க மாத்தச் சொன்ன சரக்கு சார். ஒரு தடவைகூட வாயில போட்டுப் பாக்கலையா?"

"அதுக்குத்தானே நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க?"

"முழுங்க வேண்டாம் சார். முழுங்கவும் முடியாது. கடிக்காம சும்மா வச்சிருங்க, போதும்."

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் எடுத்துப் போட்டுக்கொண்டார். எட்மண்ட் சாரும் ஒன்றை எடுத்தார். நானும் போட்டுக்கொண்டேன். மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பழைய சரக்காக இருந்தால் முதல் நிமிடத்திலேயே பாதி இறங்கியிருக்கும். சாம்பசிவன் கன்னத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது நிமிடத்தில் டிஷ்யூ பேப்பரை இழுத்து அதில் துப்பினார். பல் முழுக்கப் பழுப்பு அப்பியிருந்தது.

"தூ! என்னய்யா இது, மெழுகுவர்த்தியா?"

"டேங்க்ல என்ன சூடு வச்சாலும் இது இப்படித்தான் இருக்கும் சார். கொழுப்புல குத்தம். காந்திமதிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன்.

அவர் ஷீட்டை எடுத்து என் முன்னால் ஆட்டினார். "அப்ப இது என்ன? வித்தியாசம் தெரியலன்னு நீதானே கையெழுத்துப் போட்டிருக்க? உன் நாக்கு செத்துப்போச்சா, இல்ல காந்திமதிக்காக இப்ப நாடகம் ஆடுறியா?"

"நான் சாப்பிடல சார்."

"என்னது?"

"அன்னிக்கு நான் நோன்பு. ஒரு துளிகூட வாயில வைக்கல. சாப்பிடாமலே கையெழுத்துப் போட்டேன்." சொல்லிவிட்டு ஷீட்டை அவர் கையிலிருந்து வாங்கினேன். காந்திமதிக்கு வைத்திருந்த பேனாவை எடுத்து என் கையெழுத்தைக் குறுக்கே அடித்து, 'அன்று நோன்பு, ருசி பார்க்கவில்லை' என்று எழுதி அன்றைய தேதியைப் போட்டேன். பேனா முனை அழுந்திக் காகிதம் கிழிந்தது.

சாம்பசிவன் எட்மண்ட் சார் பக்கம் திரும்பினார். "இவங்க சாப்பிடல. நீங்க?"

எட்மண்ட் சார் வாயில் துண்டு அப்படியே இருந்தது. கரைந்தால்தானே பேச? அதை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி, "நானும் இல்ல சார். எனக்கு லெந்து விரதம்" என்றார்.

மூன்று பேரில் ஒருவருக்கு நோன்பு, ஒருவருக்கு லெந்து, ஒருவருக்குச் சர்க்கரை. இத்தனை டன் சாக்லேட்டைச் செய்து ஊர்ப் பிள்ளைகளுக்கு அனுப்பியிருக்கிறோம். வாயில் போட்டுப் பார்த்து நல்லா இல்லை என்று சொன்னவள் ஒருத்திதான். அவளைத்தான் நிற்க வைத்திருந்தோம்.

லெட்டரைக் கிழித்தார்கள். எனக்கும் எட்மண்ட் சாருக்கும் ஆளுக்கொரு மெமோ. விசாரணை முடியும் வரை நான் ருசி பார்க்கக் கூடாது, பேக்கிங்கில் நிற்க வேண்டும். நிற்கிறேன், நின்றால் கால் ஒன்றும் தேய்ந்துவிடாது.

மத்தியானம் பஸ்ஸுக்கு நிற்கும்போது காந்திமதி கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வரவில்லை. நானே போனேன்.

"காந்திமதி, இனிமே உனக்கு ஒண்ணும் ஆகாது."

"தெரியும்க்கா."

"கோவமா?"

அவள் அப்போதுதான் திரும்பினாள். "இன்னாக்கா கேக்குற? அன்னிக்கு பஸ்ல உன்னாண்டதானே சொன்னேன்? நக்காதேன்னு எல்லார் முன்னாலயும் திட்டுன. சரி, படிச்சவங்க, நமக்கு இன்னா தெரியும்னு வாயை மூடிக்கினேன். மூணு நாளா நான் சோறு துன்னல. ஜீவிதா கேக்குது, இன்னாம்மா ஆச்சுன்னு. பதில் சொல்ல முடியல. நீ நோன்பு, சார் விரதம், நல்லாருங்க. ஆனா நீங்க ரெண்டு பேரும் சாப்டாம இருந்ததுக்கு, பட்டினி கெடக்க வேண்டியது நானாக்கா?"

பஸ் வந்தது. அவள் ஏறி முன்னால் போய் உட்கார்ந்தாள், பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டாள். நான் பெருங்களத்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்து இரண்டு வாய் சாப்பிட்டு நோன்பு பிடித்தேன். என் வீட்டுக்காரர் ஷாகுல் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"இந்த அக்கினி வெயில்ல என்ன நோன்பு?"

"களா நோன்பு. ரமலான்ல ஒண்ணு விட்டுப்போச்சு, அதுக்கு ஈடு."

"எது விட்டுப்போச்சு? நீதான் எல்லா நோன்பும் பிடிச்சியே. ரமலான்ல ஒரு பகல்கூட நீ வாயில தண்ணி வைக்கலையே."

"வாயில ஒண்ணும் வைக்கல" என்றேன். "கையெழுத்துத்தான் வச்சேன்."